கேள்விக்கு என்ன விலை?

“தத்துவம் படித்து என்னப்பா செய்யப் போகிறாய்?”

இந்தக் கேள்வியைக் கேட்காத மாமன் இல்லை. கேட்காத பெரியப்பா இல்லை. பொறியியல் என்றால் பூரித்துப் போகிறார்கள். மருத்துவம் என்றால் மாலை போடுகிறார்கள். கணக்கு என்றால்கூட, ‘சரி, வங்கியிலாவது ஓர் இடம் கிடைக்கும்’ என்று தலையை ஆட்டுகிறார்கள். தத்துவம் என்றதும் முகம் சுருங்குகிறது! ‘சாமியாராகப் போகிறானா, சும்மா திரியப் போகிறானா?’ என்று அக்கம்பக்கத்தார் அங்கலாய்க்கிறார்கள்.

அவர்கள்மீது நமக்குக் கோபம் இல்லை. வயலிலே காய்ந்த உடம்பு, தறியிலே தேய்ந்த கை, பிள்ளை தலையெடுத்தால் போதும் என்று ஏங்குகிற நெஞ்சம் அப்படித்தான் கேட்கும். கேட்பதற்கு அதற்கு உரிமையும் உண்டு. ஆனால் அதே கேள்வியை ஓர் அரசாங்கம் கேட்டால்? ஆட்சிப் பீடத்திலே அமர்ந்திருப்பவர்கள், ‘தத்துவமா படிக்கிறாய்? அப்படியானால் இரண்டு மடங்கு கட்டணத்தை எடுத்து வை!’ என்று சொன்னால்?

கற்பனை பேசுகிறோம் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலிய நாட்டிலே 2021-ஆம் ஆண்டு இது நடந்தது. அந்தக் கதையை நம் தோழர்கள் அறிய வேண்டும். அவர்களுக்கு நேர்ந்தது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் என்பதால் சொல்கிறோம்.

நான்காம் ஆண்டு

ஆஸ்திரேலியாவிலே கலைப் பட்டப்படிப்பு மூன்றாண்டு. மூன்றாண்டு முடித்துப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் போகலாம். மேலும் ஓராண்டு தங்கிப் படிக்க விரும்புகிறவர், எடுத்துக்கொண்ட பாடத்திலே நல்ல மதிப்பெண் பெற்றிருந்தால், நான்காம் ஆண்டுக்குள் நுழையலாம். அதற்கு ‘ஆனர்ஸ்’ ஆண்டு என்று பெயர்.

ஆனர்ஸ் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பச்சையப்பன் கல்லூரியிலே படித்து 1934-இல் அண்ணா பெற்றது பி.ஏ. ஆனர்ஸ் பட்டந்தான். பெயர் ஒன்று, முறை வேறு. ஆஸ்திரேலிய ஆனர்ஸ் ஆண்டின் உயிர்நாடி ஆராய்ச்சி.

முதல் மூன்று ஆண்டுகளில் பாடமும் பேராசிரியர் தந்தது. கேள்வியும் பேராசிரியர் தந்தது. நான்காம் ஆண்டிலே நிலைமை தலைகீழாகிறது. கேள்வி மாணவனுடையது! ‘தண்டனை தருவது எப்படி நியாயமாகிறது?’ என்று ஒருவன் கேட்கலாம். ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்கு நாம் கடன்பட்டவர்களா?’ என்று ஒருத்தி கேட்கலாம். கேள்வியைச் செதுக்கிச் செம்மைப்படுத்த ஒரு நெறியாளர் உண்டு. உயர்நிலைக் கருத்தரங்கு வகுப்புகளும் உண்டு. கல்வியாண்டு பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொடங்கும். ஆண்டு முடிவதற்குள் ஆய்வேடு கைக்கு வந்தாக வேண்டும். பல்கலைக் கழகத்துக்குப் பல்கலைக் கழகம் அளவு மாறும்; பெரும்பாலும் 12,000 முதல் 20,000 சொற்கள்வரை இருக்கும். அதைத் தேர்வாளர்கள் படித்து வகுப்புத் தருகிறார்கள். முதல் வகுப்பு வாங்கியவருக்கு முனைவர் பட்ட ஆராய்ச்சியின் கதவு திறக்கிறது. உதவித் தொகைக்கும் அதுவே திறவுகோல்.

‘தத்துவத்திலே ஆராய்ச்சியா? கண்ணாடிக் குப்பி ஏது, நுண்ணோக்கி ஏது, களப்பணி ஏது?’ என்று கேட்பார்கள். இல்லைதான். ஒரு மேசை, சில நூல்கள், ஒரு கேள்வி. அவ்வளவே கருவி! ஆனால் அந்த வேலையின் கடுமை எங்கே இருக்கிறது தெரியுமா? எதிராளியின் வாதத்தை அவனே சொல்வதைவிட வலுவாக எடுத்து வைக்க வேண்டும். அதன் பிறகே மறுக்க வேண்டும்.

மேடையிலே பேசிப் பழகிய நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். நாம் எதிரியின் வாதத்தை நமக்கு வசதியான அளவுக்குக் கத்தரித்து நிறுத்தி, ஒரே அடியில் சாய்ப்பதுண்டு. கைதட்டல் எழும், காரியம் முடிந்தது. தத்துவ ஆய்வேட்டிலே அந்தக் கைதட்டல் கிடையாது. கத்தரித்த இடத்திலே தேர்வாளர் சிவப்புக் கோடு போடுவார். இருபத்தோரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, ஓராண்டுக் காலம், தன் மனத்துக்குப் பிடித்த முடிவைத் தானே எதிர்த்து வழக்காடிப் பழகுகிறது. இந்தப் பயிற்சி பெற்றவனை எந்தப் பூசாரி ஏய்க்க முடியும்? எந்தத் தலைவன்தான் ஏமாற்ற முடியும்? நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்!

சிட்னியிலே ஒரு பேராசிரியர்

இந்த விதை அந்த மண்ணிலே எப்படி வேர்விட்டது என்று பார்ப்போம். ஸ்காட்லாந்திலே பிறந்த ஜான் ஆண்டர்சன் என்பவர் 1927-இல் சிட்னிப் பல்கலைக் கழகத்துக்குத் தத்துவப் பேராசிரியராக வந்தார். 1958-வரை அந்த நாற்காலியிலே இருந்தார். சும்மா இருந்தாரா? சிந்தனை உரிமை மன்றம் ஒன்றை மாணவர்கள் நடுவே கட்டி வளர்த்தார். 1931-இல் போர் நினைவுச் சின்னங்கள் அரசியல் விக்கிரகங்களாகிவிட்டன என்கிற கருத்தைப் பேசினார். எழுந்தது புயல்! பல்கலைக் கழக ஆட்சிக் குழுவே அவரைக் கண்டித்தது.

மனிதர் அடங்கினாரா? 1943-இல் கல்வியும் மதமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பேசினார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டமன்றத்திலே கண்டனத் தீர்மானம் நிறைவேறியது! ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் கூடி, ஒரு தத்துவ ஆசிரியரின் பேச்சைக் கண்டித்தது என்றால், அந்தப் பேச்சு எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்க வேண்டும்! இம்முறை பல்கலைக் கழக ஆட்சிக் குழு பின்வாங்கவில்லை. கல்விச் சுதந்திரத்தின் பக்கம் நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளிலே அந்தக் குழு கற்றுக்கொண்ட பாடம் அது.

அவரிடம் படித்த மாணவர்களிலே ஒருவர் ஜே.எல். மேக்கி. ‘கடவுள் எல்லாம் வல்லவர், கடவுள் முற்றும் நல்லவர், ஆயினும் உலகிலே தீமை உண்டு. இம்மூன்றையும் ஒருவர் ஒருசேர நம்புவது எப்படி?’ என்கிற வழக்கை 1955-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அன்றிலிருந்து மதத் தத்துவம் படிக்கிற எவரும் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடிவதில்லை. ஆத்திகரும் அதற்கு விடை தேடுகிறார்கள். நம் ஊர்த் திண்ணையிலே பகுத்தறிவாளன் கேட்ட கேள்விதான் அது. ஆனால் திண்ணையிலே கேட்டபோது ‘போடா, நாத்திகா!’ என்றவர்கள், ஏட்டிலே அளவாக, அடுக்காக, ஓட்டையில்லாமல் எழுதப்பட்டபோது உட்கார்ந்து விடை எழுத வேண்டியதாயிற்று. ஆராய்ச்சிப் பயிற்சியின் ஆற்றல் அது!

அடிலெய்டு நகரிலே இன்னொரு கதை. அங்கே பணியாற்றிய யு.டி. பிளேஸ் 1956-இல் ‘உணர்வு என்பது மூளையிலே நடக்கிற ஒரு நிகழ்ச்சியா?’ என்று கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே பல்கலைக் கழகத்துத் தத்துவப் பேராசிரியர் ஸ்மார்ட் 1959-இல் அந்தக் கருத்துக்கு அரண் கட்டினார். ஆண்டர்சனின் மாணவர் டேவிட் ஆம்ஸ்ட்ராங் 1968-இல் மனத்தைப் பொருள்முதல் நோக்கிலே விளக்கும் பெருநூலை எழுதினார். உடலைவிட்டுப் பறந்துபோகும் ஆத்மா என்று ஒன்று தேவையில்லாமலே மனத்தை விளக்கிவிடலாம் என்பது இவர்களின் வாதம். மறுத்தவர்களும் உண்டு, மறுப்பு இன்றும் நடக்கிறது. 2000-இல் மறைந்த பிளேஸ் தம் மூளையை அந்த அடிலெய்டுப் பல்கலைக் கழகத்துக்கே விட்டுச் சென்றார். அவருடைய உணர்வு இந்த மூளைக்குள்தான் இருந்ததா என்று பார்ப்போரைக் கேட்கும் ஒரு குறிப்போடு அது காட்சிக்கு வைக்கப்பட்டது. செத்த பிறகும் கேள்வி கேட்ட மனிதர்!

கொத்தனார் கேட்ட நியாயம்

பெருமையை மட்டும் பேசினால் பாதி உண்மைதான் பேசியதாகும். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த அதே சிட்னித் தத்துவத் துறை, தன்னையே ஒருவர் கேள்வி கேட்டபோது என்ன செய்தது?

1973-இல் ஜீன் கர்தாய்ஸ், லிஸ் ஜாக்கா என்ற இரு பெண்கள், ஆராய்ச்சி மாணவிகள், பெண்ணியச் சிந்தனையின் தத்துவக் கூறுகள் பற்றி ஒரு பாடம் நடத்த முன்வந்தனர். துறையிலே பெரும்பான்மையோர் ஆதரித்தனர். துறையின் மூத்த பேராசிரியரான ஆம்ஸ்ட்ராங் எதிர்த்தார். ஆம், ஆத்மாவுக்கு விடைகொடுத்த அதே ஆம்ஸ்ட்ராங்! மேலிடம் பாடத்துக்கு இசைவு தர மறுத்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்திலே இறங்கினர்.

அப்போது யார் துணைக்கு வந்தார்கள் தெரியுமா? செங்கல் சுமக்கிறவர்கள்! சாந்து பூசுகிறவர்கள்! சாரம் கட்டுகிறவர்கள்! ஜாக் மண்டி தலைமையிலே புகழ்பெற்றிருந்த கட்டடத் தொழிலாளர் சங்கம், பல்கலைக் கழகக் கட்டட வேலைக்குத் தடை போட்டது. ‘பெண்கள் பாடம் நடத்தும்வரை இங்கே எங்கள் கரண்டி எழாது’ என்ற நிலை எடுத்தது. பாடம் நடந்தது! தத்துவம் சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கட்டும். உழைக்கிறவனுக்குத் தத்துவம் வேண்டாம் என்று உழைக்கிறவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவன் பெயரால் மற்றவர்கள்தாம் சொல்கிறார்கள்.

அந்தப் பிணக்கினால் துறை 1974-இல் இரண்டாகப் பிளந்தது. மீண்டும் ஒன்றாகச் சேர 2000-ஆம் ஆண்டு ஆயிற்று.

நமக்கு மணிமேகலை நினைவுக்கு வருகிறாள். வஞ்சி மாநகரிலே பல சமயத்தாரின் தத்துவங்களையும், பூதவாதியின் பொருள்முதல் வாதத்தையும் கேட்டறிந்தவள் அவள். எப்படிக் கேட்டாள்? இளம்பெண்ணுக்கு யாரும் மெய்ப்பொருள் உரைக்க மாட்டார்கள் என்பதால், ஆண் துறவியின் உருவெடுத்துப் போய்க் கேட்டாள்! நம் காப்பியம் மறைக்காமல் சொல்கிற செய்தி இது. வஞ்சியிலே வேற்றுரு வேண்டியிருந்தது. சிட்னியிலே பெண்கள் பெண்ணுருவிலேயே நின்றார்கள், வென்றார்கள்.

பூட்டு வந்த வழி

இப்போது பணத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி அரசு 1974-இல் பல்கலைக் கழகக் கட்டணத்தை ஒழித்தது. ஏழை வீட்டுப் பிள்ளையும் நான்காம் ஆண்டுவரை நிமிர்ந்து நடந்தது. 1989-இல் கட்டணம் திரும்பி வந்தது. இம்முறை கடன் வடிவிலே. படிக்கும்போது கட்ட வேண்டாம். பின்னாளில் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியதும் வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். நியாயமான ஏற்பாடு என்று பலரும் ஏற்றனர். நாமும் அதை முழுவதும் பழிக்கவில்லை.

2020-இல் ‘வேலைக்கு ஆயத்தமான பட்டதாரி’ என்ற பெயரிலே ஒரு திட்டம் சட்டமாயிற்று. பெயரைப் பாருங்கள், எவ்வளவு இனிப்பு! உள்ளே இருந்தது என்ன? 2020-இல் தத்துவம் உள்ளிட்ட சமூகவியல் பாடங்களுக்கு மாணவர் பங்கு ஆண்டுக்கு 6,804 டாலர். 2021-இல் புதிதாகச் சேர்ந்தவருக்கு 14,500 டாலர்! ஒரே தாவலிலே 113 விழுக்காடு ஏற்றம். அதே ஆண்டு கணிதம் படிப்பவருக்கு 3,950 டாலர். தாதியர் படிப்புக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் அதே 3,950.

கணிதம் படிப்பவருக்குச் சலுகை தரட்டும், வரவேற்கிறோம். தாதியருக்குத் தரட்டும், வாழ்த்துகிறோம். ஆனால் அந்தச் சுமையைச் சிந்திக்கிற பிள்ளையின் தலையிலா ஏற்றுவது? மூன்றாண்டும் ஆனர்ஸ் ஆண்டும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 2021-இன் விகிதப்படி நான்கு முறை 14,500, 58,000 டாலர். இந்தத் தொகையைப் பார்த்ததும் யார் தயங்குவார்? பங்களாவிலே பிறந்த பிள்ளை தயங்காது. வீட்டிலே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை தயங்கும். ‘மூன்றாண்டு போதும், இன்னும் ஓராண்டுக் கடன் எதற்கு?’ என்று அந்தத் தாய் கேட்பாள். கேள்வி கேட்கும் உரிமை மீண்டும் வசதி படைத்தவனின் வீட்டுச் சொத்தாகிவிடும். சட்டம் யாரையும் வெளியே போ என்று சொல்லவில்லை. விலைச் சீட்டை மட்டும் ஒட்டியது. வேலை தானாக நடக்கும்!

2024-இல் வெளிவந்த ஆஸ்திரேலியப் பல்கலைக் கழகச் சீரமைப்பு அறிக்கையே இந்தக் கட்டண முறையை மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025-இல் மாணவர் கடனிலே 20 விழுக்காடு தள்ளுபடி செய்யச் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் கழுத்தை நெரிக்கிற கயிற்றைச் சற்றுத் தளர்த்துவது வேறு. கயிற்றை அவிழ்ப்பது வேறு.

நம் வாசலில்

‘ஆஸ்திரேலியாக் கதை நமக்கெதற்கு?’ என்று கேட்பவருக்கு ஒரு செய்தி. நான்காம் ஆண்டு ஆராய்ச்சிப் பட்டம் நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக் கழக மானியக் குழு 2022 டிசம்பரில் ஒரு பாடத்திட்ட வரைவு தந்தது. மூன்றாண்டுப் பட்டம் ஒன்று. நான்காண்டு ஆனர்ஸ் ஒன்று. முதல் ஆறு பருவங்களிலே 75 விழுக்காடு எடுத்தவர்களுக்கு ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் ஒன்று. கூடவே, ஓராண்டிலே வெளியேறினால் சான்றிதழ். ஈராண்டிலே வெளியேறினால் பட்டயம்!

ஆராய்ச்சி ஆண்டு கூடாது என்று நாம் சொல்வோமா? மாட்டோம். அதன் பெருமையைத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். தகுதி பார்க்காதே என்றும் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவிலும் தகுதி பார்க்கிறார்கள். நாம் கேட்பது இது: உள்ளே போகும் கதவு ஒன்றும், வெளியே போகும் கதவு மூன்றும் வைத்துக் கட்டப்படும் வீட்டிலே, கடைசி அறைவரை போய்ச் சேரப் போகிறவன் யார்? முதலாண்டிலே சான்றிதழோடு வெளியேறப் போகிறவன் யார்? குடும்பச் சுமை யார் தோளில் இருக்கிறதோ அவன் முதல் கதவிலேயே இறங்கிவிடுவான். அதற்குப் பெயர் ‘விருப்பம்’ என்று எழுதி வைப்பார்கள்!

நம் ஊர்களிலே பொறியியல் துறைகள் எத்தனை, தத்துவத் துறைகள் எத்தனை என்று தோழர்களே எண்ணிப் பாருங்கள். நெறியாளர் இல்லாமல், நூலகம் இல்லாமல், உதவித் தொகை இல்லாமல் நான்காம் ஆண்டைத் திறப்பது, கிணறு வெட்டாமல் ஏற்றம் நிறுத்துவது போன்றதாகும்.

டாக்டர் இராதாகிருட்டிணன் தத்துவம் எடுத்ததற்கு ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் காசில்லாமல் கைக்கு வந்தன. ஆகவே சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலே அந்தப் பாடத்தையே எடுத்தார் என்பார்கள். மாணவராக இருக்கும்போதே வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வுரை எழுதினார். 1962-இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவருடைய வேதாந்தம் நமக்கு உடன்பாடில்லை. அது வேறு வழக்கு. ஆனால் பாருங்கள்: புத்தகத்துக்கு விலை இல்லாததால் ஒருவர் தத்துவத்தின் பக்கம் வந்தார். விலை ஏறியதால் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் எழுதாத ஆய்வேடுகளை எந்த நூலகத்திலே தேடுவது?

தத்துவம் ஒரு சிலரின் தனிச்சொத்தாக இருந்தவரை, நம்மவர்க்குக் கிடைத்த தத்துவம் தலைவிதி ஒன்றுதான். ‘ஏன் இப்படி?’ என்று கேட்டவனுக்கு, ‘முற்பிறப்பின் பயன்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியவனுக்குப் படிக்க நேரம் இருந்தது, எழுத ஓய்வு இருந்தது, உண்ணச் சோறு இருந்தது. கேட்டவனுக்கு மூன்றும் இல்லை. ஆனர்ஸ் ஆண்டு என்பது அந்த மூன்றையும் ஓராண்டுக்கு ஒரு பிள்ளையின் கையிலே தருவதுதான். நேரம், ஓய்வு, சோறு. இதைத் தர ஒரு நாட்டால் முடியாதா? இதற்கா விலைச் சீட்டு?

மாமன் கேட்கட்டும், ‘தத்துவம் படித்து என்னப்பா செய்யப் போகிறாய்?’ என்று. பிள்ளை பணிவோடு பதில் சொல்லட்டும்:

“உங்களை ஒருவன் தலைவிதி என்று சொல்லி உட்கார வைத்தானே, மாமா. அது சரிதானா என்று ஓராண்டு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.”

அந்த ஓராண்டைப் பெற்றுத் தருவது நம் கடமை.